மத்துப் பிடித்த கையில் லேத்து!

"45 வயதில் லேத்து ஓட்டக் கற்றுக்கொண்டேன்" என்று சொன்னால் சிரிப்பு வருகிறதா? என் ஓரகத்திக்கும் சிரிப்புத்தான் வந்தது. "ஏனக்கா, வெண்டைக்காய் நறுக்கின கையிலே இரும்பை நறுக்கப் போறீங்களா?" என்றாள். சிரிக்கட்டும். அந்த நேரத்தில் எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

எங்கள் வீடு கோயமுத்தூர் கணபதியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பம்ப்செட், மோட்டார், கிரைண்டர் இவற்றுக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் இந்தப் பக்கம் ஏராளம். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் சமையலறை என்று வாழும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தகரக் கொட்டகையில் நாலரை அடி லேத்து ஒன்று. 2009-ல் என் வீட்டுக்காரர் பழையதாக வாங்கிப் போட்டது. 13 வருஷம் அதன் இரைச்சலோடு சமைத்தேன், தூங்கினேன். ஆனால் தொட்டதில்லை. டீயை வாசற்படியில் வைத்துக் குரல் கொடுப்பதோடு சரி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. உதவிக்கு இருந்த பையன் ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை. இவர் தனியாகவே சமாளித்து வந்தார். 2022-ல் இவருடைய வலது தோள் மடக்கிக்கொண்டது. கை மேலே எழும்பவில்லை. சட்டை மாட்டவும் நான்தான் உதவ வேண்டும். 'உறைந்த தோள்' என்றார் டாக்டர். 40 வயதிலிருந்து 60-க்குள் அதிகம் வருமாம். சர்க்கரை உள்ளவர்களை இன்னும் சுலபமாகப் பிடிக்குமாம். "பயிற்சி செய்யுங்கள், சரியாகும். ஆனால் ஒரு வருஷமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம்" என்றார். வியாதி காத்திருக்கும். பாங்க் தவணையும் மகளின் காலேஜ் பீஸும் காத்திருக்குமா?

வேலை தேடிக் கிளம்பினேன். என் படிப்பு பத்தாம் வகுப்பு. ஜவுளிக்கடையில், "35 வயசுக்குள்ளே இருக்கணும்மா" என்றார்கள். பள்ளிக்கூட ஆபீசில், "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றார்கள். ஆஸ்பத்திரி வரவேற்பில் இங்கிலீஷில் ஏதோ கேட்டார்கள்; நான் விழித்ததே பதிலாகிவிட்டது. வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்ற விளம்பரத்தை நம்பி முன்பணம் 3,000 ரூபாய் கட்டப் போனேன். மகள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேலை கொடுக்கறவங்க நமக்குத்தாம்மா பணம் தரணும்!"

அன்று இரவு கொட்டகையில் விளக்கு எரிந்தது. 60 புஷ் கொடுத்தாக வேண்டிய ஆர்டர். இவர் இடது கையால் கைப்பிடியைத் திருகிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, நீங்க வாயால சொல்லுங்க. கையை நான் போடறேன்."

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "முதல்லே வளையலைக் கழட்டு" என்றார்.

கடைவது நமக்குப் புதிதா?

மோர் கடைகிறோம், கீரை கடைகிறோம். இரும்பைச் சீவி உருட்டுவதற்கும் கடைசல் என்றுதான் பெயர். மோர் கடையும்போது மத்து சுழல்கிறது, தயிர்ப்பானை அசையாமல் நிற்கிறது. லேத்தில் அது தலைகீழ். 'சக்' என்ற இரும்புப் பிடி ஜாபைக் கவ்விக்கொண்டு சுழலும். டூல் அதன் மேல் பட்டும் படாமல் நகர்ந்து சீவிக்கொண்டே போகும். இவ்வளவுதான் தத்துவம்.

முதல் இரண்டு மாதம் பழைய இரும்புத் துண்டுகளில்தான் பழகினேன். டூலின் நுனி ஜாபின் நடுமையத்துக்கு நேராக இருக்க வேண்டும். கீழே இறங்கினால் முகப்பின் நடுவில் ஒரு குமிழ் மிச்சம் நிற்கும். 25 மில்லிமீட்டர் இரும்புத் தண்டுக்குச் சாதாரண டூல் என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 320 சுற்று போதும். தண்டு பருமனானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சக்கிலிருந்து தண்டு ரொம்ப நீட்டிக்கொண்டிருந்தால் நடுங்கும். சத்தம் கரகரவென்று மாறினாலே ஏதோ தப்பு. எண்ணெய் காய்ந்ததைச் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவள்தானே நான்? காது சீக்கிரம் பழகிவிட்டது.

கணக்குத்தான் காலை வாரிவிட்டது. முதன்முதலாகக் கன்மெட்டல் புஷ் கையில் கொடுத்தார். 32 மில்லி இருந்தது, 30 ஆக வேண்டும். இரண்டு குறையணும் என்று கைப்பிடியில் இரண்டு மில்லியும் உள்ளே கொடுத்தேன். மூன்று புஷ் முடித்த பிறகு அளந்தால் மூன்றும் 28! ஆர்டர் கொடுத்தவர்களின் உலோகம், கூலியில் பிடித்துக்கொள்வார்கள். நான் அழுதுவிட்டேன்.

இவர் திட்டவில்லை. "சப்பாத்தியைச் சுத்தி ஒரு விரல் அகலம் வெட்டினா, குறுக்கே எத்தனை விரல் குறையும்?" என்றார்.

இரண்டு விரல்! இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எங்கள் லேத்தில் ஒரு மில்லி உள்ளே கொடுத்தால் விட்டத்தில் இரண்டு மில்லி போய்விடும். அதற்குப் பிறகு அந்தத் தப்பு நடக்கவில்லை.

மாமியாரும் பித்தளைக் கிண்ணியும்

என் மாமியாருக்கு வளையல் விஷயம் பொறுக்கவில்லை. "ஏம்மிணி, சுமங்கலி வெறுங்கையோட நிக்கலாமா? தாலியை வேற சட்டைக்குள்ளே மறைச்சுக்கிட்டு!" நான் சுடிதார் பேண்டுக்கு மேல் இவருடைய பழைய அரைக்கைச் சட்டையைப் போட்டு, மேல் பட்டன் வரை மாட்டி, கொண்டையை இறுக்கிக் கட்டியிருந்தேன். எனக்கே கொஞ்சம் உறுத்தல்தான்.

ஒருநாள் மெஷின் ஓடும்போதே துணியால் எண்ணெயைத் துடைக்கப் போனேன். கண் இமைப்பதற்குள் துணி என் கையிலிருந்து பறிபோய், சக்கைச் சுற்றிக்கொண்டது. நல்லவேளை, விரலில் சுற்றிப் பிடிக்கவில்லை. வாசற்படியில் நின்ற அத்தை அதைப் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் சாமி அலமாரியில் ஒரு பித்தளைக் கிண்ணி இருந்தது. "வளையலை இதுலே போட்டுட்டுப் போ. சாயங்காலம் எடுத்துப் போட்டுக்கோ" என்றார்.

வெள்ளெழுத்து செய்த சதி

இன்னொரு சங்கடம். வெர்னியர் காலிபரின் கோடுகள் எனக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தன. 'நமக்குப் படிப்பு ஏறாது' என்றே நினைத்துவிட்டேன். கண் டாக்டர் சிரித்தார். "40 தாண்டினால் வருகிற வெள்ளெழுத்தம்மா." கண்ணாடி போட்டதும் ஒவ்வொரு கோடும் பளிச்சென்று தெரிந்தது! மைக்ரோமீட்டரில் என் தலைமுடி ஒன்றை வைத்து அளந்தேன். 0.07 மில்லி இருந்தது. அதைவிடச் சின்ன வித்தியாசத்தையும் பிடிக்கிற கை என்று அன்றைக்கு ஒரு பெருமை.

2023-ல் ஆர்டர் கொடுக்கும் ஒரு பட்டறைக்காரர், "இப்பல்லாம் உங்க சரக்கு ஒண்ணுகூடத் திரும்பறதில்லையே, யார் அளக்கறாங்க?" என்று இவரிடம் கேட்டாராம். "வீட்டிலேதாங்க" என்றிருக்கிறார். இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர் என்னை வரச் சொன்னார். என் முன்னால் 20 புஷ்ஷைக் கொட்டி, "தப்பானதை எடும்மா" என்றார். வயதும் கேட்கவில்லை, இங்கிலீஷும் கேட்கவில்லை. இரண்டு புஷ் சட்டென்று அகப்பட்டன. மூன்றாவது ஒரு முனையில் சரியாக இருந்தது, மறுமுனையில் 0.03 மில்லி கூடுதல். "ரெண்டு பக்கமும் அளந்தீங்களா!" என்றார். இரு முனையிலும் அளக்காமல் ஒரு துண்டையும் கீழே வைக்கக் கூடாது என்பது இவர் சொல்லிக் கொடுத்த பாடம்.

மறு திங்கட்கிழமையே வேலையில் சேர்ந்தேன். பெரிய சம்பளம் இல்லை. ஆனால் தவணை தவறவில்லை, மகள் படிப்பு நிற்கவில்லை. ஒன்றரை வருஷப் பயிற்சியில் இவருடைய கையும் எழும்பிவிட்டது. அவசர ஆர்டர் வந்தால் சாயங்காலம் நானும் லேத்தில் நிற்பேன்.

கற்றுக்கொள்ள விரும்பும் சகோதரிகளுக்கு:

* தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தனியாக ஓட்டிப் பழகாதீர்கள். சேலை, துப்பட்டா, வளையல், மோதிரம், தொங்கும் சங்கிலி கூடாது. கையுறையும் கூடாது, அதையும் மெஷின் இழுத்துவிடும்.

* சக்கை இறுக்கிய சாவியை அதிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போடாதீர்கள். குண்டுபோல் பறந்து வரும்.

* கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். கன்மெட்டல் தூள் தூளாகத் தெறிக்கும். கண்ணில் விழுந்தால் கசக்காமல் டாக்டரிடம் போங்கள்; முந்தானை நுனியால் எடுக்க முயலாதீர்கள்.

* சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவல் பிளேடுபோல வெட்டும். மெஷினை நிறுத்திவிட்டுக் கொக்கியாலோ பிரஷ்ஷாலோ எடுங்கள்.

* சூட்டோடு அளக்காதீர்கள். சூட்டில் உலோகம் பெருத்திருக்கும். ஆறியதும் அளவு குறைந்துவிடும்.

* காலடியில் மரப்பலகை போட்டு நின்றால் கால் கடுக்காது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, கையில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இல்லாவிட்டால் மெஷின் எண்ணெயால் சிலருக்குப் புண் வரும்.

* முறையாகப் படிக்க ஆசையா? அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் 'டர்னர்' இரண்டு வருஷப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். தமிழ்நாட்டில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பும் கிடையாது. விசாரித்துப் பாருங்கள்.

வேலை கிடைக்காமல் அலைந்த நாளில், வேலை வெளியே எங்கோ இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். அது 13 வருஷமாக என் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமும் ஏதாவது இருக்கலாம். ஒருமுறை எட்டிப் பாருங்களேன்.

போன வாரம் ஓரகத்தி வந்திருந்தாள். சாமி அலமாரியில் கிண்ணியைப் பார்த்து, "இதென்னக்கா, வளையல்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்: "அது அவ ஆபீஸ் போற நேரம். தொடாதே!"