டெசௌ அரசகுடியிற் புகுந்த மகளிர்

இன்று ஜேர்மனி எனப்படும் நிலப்பரப்பு 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரையிற் பல நூறு சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. எல்பை நதியை அடுத்திருந்த அன்ஹால்ற்-டெசௌ அவற்றுள் ஒன்று. இத்தகைய சிறு நாட்டுக்கு மணவுறவே பெரும் வலி. ஆதலின், இளவரசன் எக்குலத்துப் பெண்ணை மணந்தான் என்பது குடும்பச் செய்தியாக மட்டும் அமையாது, அரசியற் செய்தியாகவும் அமைந்தது. அக்குடியிற் புகுந்த மகளிர் மூவரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

முதலாமவர் ஹென்றியற்றா கதரீனா. ஒல்லாந்தின் ஒறேஞ்சு வமிசத்து இளவரசர் பிரெடெறிக் ஹென்றியின் மகள். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதற்கு அடுத்த ஆண்டாகிய 1659இல் இவர் டெசௌவின் இரண்டாம் யோன் ஜோர்ஜை மணந்தார். கணவர் இவருக்களித்த சிற்றூர் 1673இல், இவர் பிறந்த குலத்தின் பெயரால் ஒறானியன்பவும் என வழங்கலாயிற்று. 1683 முதல் ஒல்லாந்தக் கட்டடக் கலைஞர் ஒருவர் அங்கே அரண்மனை எழுப்பினார். 1693இற் கணவர் இறக்கவே, மகன் லெயொபோல்ட் பொறுப்பேற்ற 1698 வரை நாட்டைத் தாமே ஆண்டார்.

அம்மகன் விரும்பியதோ அரண்மனை மருந்தாளரின் மகளாகிய அன்னா லூயிசாவை. தாய் இசையவில்லை; காதலை மறக்கட்டும் என்று மகனைப் பிறநாட்டுப் பயணத்துக்கு அனுப்பினார். அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அரசகுடியினர் ஒத்த குலத்திலேயே மணத்தல் வேண்டும் என்பது அங்கு மரபு. ஒவ்வாக் குலத்து மனைவிக்குக் கணவனின் பட்டம் இல்லை. அவள் வயிற்று மக்களுக்கு அரசுரிமையும் இல்லை. எனினும், லெயொபோல்ட் ஆட்சியேற்ற ஆண்டிலேயே அவளை மணந்தார். 1701இல் வியன்னாப் பேரரசர் அன்னா லூயிசாவுக்குப் பேரரசின் இளவரசி என்னும் நிலையை வழங்கினார். பிள்ளைகளின் உரிமை அதனால் உறுதிப்பட்டது. பிரசியப் படைத் தலைவராகிய கணவர் போர்க்களத்தில் இருந்த காலங்களில், நாட்டு அலுவல்களை அவரே கவனித்தார். 1745இல் இறக்கும்வரை அவர்தம் இல்வாழ்வு 46 ஆண்டுகள் நீடித்தது.

ஆயின், தந்தைக்குக் கிட்டிய சலுகை தலைமகனுக்குக் கிட்டவில்லை. வில்லியம் குஸ்தாவ் 1726இல் மதுவடிப்போர் ஒருவரின் மகளை மறைவாக மணந்து, தந்தைக்கு முன்னரே 1737இல் இறந்தார். பேரரசர் 1749இல் அவர் பிள்ளைகளுக்குக் கோமகன் பட்டம் மாத்திரமே அளித்தார். அரசோ 1747இலேயே இளைய தம்பியைச் சேர்ந்துவிட்டது.

மூன்றாமவர் பிரண்டன்பேர்க்-சுவெட் இளவரசி லூயிசா. 1767இல் மூன்றாம் லெயொபோல்டை மணந்த இவர், எவ்வகையிலும் ஒத்த குலத்தவரே. ஆனால் மணமக்கள் இருவருமே மருந்தாளர் மகளாகிய அன்னா லூயிசாவின் பேரப்பிள்ளைகள்! ஒருகாலத்தில் ஒவ்வாது எனப்பட்ட குருதி, இரண்டு தலைமுறையுள் ஒத்த குருதியாயிற்று. இவர் பெயரால் 1774க்கும் 1778க்கும் இடையில் எழுந்த லூயிசியம் மாளிகை, 2000இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட டெசௌ-வோர்லிற்ஸ் பூங்காப் பரப்பினுள் உள்ளது. மணவாழ்வோ இனிக்கவில்லை, கணவர் தோட்டக்காரர் ஒருவரின் மகளோடு வேறொரு குடும்பம் நடத்தினார்.

குலவொப்பு அரசுரிமையை வழங்கியது; அன்பை வழங்க அதனால் இயலவில்லை. குலம் பிறப்பில் உள்ளது என்றவர்களே, பேரரசரின் ஓலையால் அதனை மாற்றவும் முடியும் என ஒப்புக்கொண்டனர். அவ்வோலை கிட்டாத பிள்ளைகளே அதன் விலையைக் கொடுத்தனர்.