கிண்ணம் நீட்டும் சர்ஸி, பல்லக்கில் வரும் மோகினி

மோகினி என்றதும் நம்மில் பலருக்குப் புளியமரத்தடிப் பேய்க்கதைதான் நினைவுக்கு வரும். திருமலையிலோ மோகினி என்றால் சாட்சாத் பெருமாளே. புரட்டாசி பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் காலை, மலையப்ப சுவாமி மோகினி கோலத்தில் பல்லக்கில் எழுந்தருளுகிறார். அன்றிரவு நடக்கும் கருட சேவையின் புகழில் இந்தக் காலை சேவையை நாம் அதிகம் கவனிப்பதில்லை.

மயக்கும் அழகி நம் புராணங்களில் மட்டும் இல்லை. கிரேக்க மகாகவி ஹோமரின் ஒடிஸி காவியத்தில் சர்ஸி என்றொரு மாயக்காரி வருகிறாள். தன் தீவுக்கு வந்த யுலிஸிஸின் ஆட்களுக்கு விருந்து வைத்து, அதில் மருந்தைக் கலந்து, கோலால் தட்டிப் பன்றிகளாக்கி விடுகிறாள். ஹெர்மிஸ் தேவன் கொடுத்த மூலிகையின் பலத்தால் யுலிஸிஸ் தப்புகிறான்.

ஆங்கில ஓவியர் வாட்டர்ஹவுஸ் 1891இல் இந்தக் காட்சியைத் தீட்டினார். சிம்மாசனத்தில் அமர்ந்து சர்ஸி கிண்ணத்தை நீட்டுகிறாள். காலடியில் பன்றி கிடக்கிறது. அவளுக்குப் பின்னால் உள்ள பெரிய வட்டக் கண்ணாடியில் யுலிஸிஸின் உருவம் தெரிகிறது. அதாவது, படத்தைப் பார்க்கும் நாம் யுலிஸிஸ் நிற்கும் இடத்தில் நிற்கிறோம். கிண்ணம் நமக்குத்தான் நீட்டப்படுகிறது!

இனி நம் கதைக்கு வருவோம். பாற்கடலைக் கடைந்தபோது வாசுகியின் தலைப்பக்கம் பிடித்து, அதன் விஷமூச்சைத் தாங்கி இழுத்தவர்கள் அசுரர்கள். அப்போது எழுந்த நஞ்சை உண்ட சிவபெருமான், அம்பிகையின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட கோலத்தை, ஊத்துக்கோட்டையை அடுத்த சுருட்டப்பள்ளியில் தரிசிக்கலாம். சுருட்டப்பள்ளியும் திருப்பதியும் 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. இப்போது திருப்பதி மாவட்டம்.

அமுதம் மட்டும் அசுரர்களுக்குக் கிடைக்கவில்லை. ரயில்வேயில் இருந்த காலமெல்லாம் ஆட்கள் சேர்ந்து கயிறு இழுத்துப் பாரம் நகர்த்துவதைப் பார்த்தவன் நான். இழுத்தவனுக்குக் கூலி இல்லையா என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு.

பாகவதம் எட்டாம் ஸ்கந்தத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. 'என்னைப் போன்றவளை எப்படி நம்புகிறீர்கள்?' என்ற பொருள்பட மோகினியே அசுரர்களைக் கேட்கிறாள். நியாயமோ அநியாயமோ, தான் செய்வதை ஒப்புக்கொண்டால்தான் பங்கிடுவேன் என்றும் சொல்கிறாள். அவர்களோ சிரித்துக்கொண்டு கலசத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். சர்ஸி மருந்து கலந்தாள். மோகினி எதையும் கலக்கவில்லை, எச்சரிக்கையும் செய்தாள். அசுரர்களைக் கவிழ்த்தது அவர்களுடைய கண்களே. கேள்வி முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த இடம் என்னை யோசிக்க வைத்தது.

வாட்டர்ஹவுஸ் வண்ணத்தில் செய்ததைத் திருமலை அர்ச்சகர்கள் பட்டிலும் பூவிலும் நகையிலும் செய்கிறார்கள். நின்ற திருக்கோலத்தில் உள்ள உற்சவ மூர்த்தி, அன்று அமர்ந்திருக்கும் பெண்ணாகவே காட்சி தருகிறார்! மற்றொரு பல்லக்கில் கிருஷ்ணரும் உடன் வருகிறார். சில மணி நேரத்தில் அந்த அலங்காரம் களையப்பட்டு, இரவில் மூலவருக்கு உரிய மகரகண்டி, லட்சுமி ஹாரம், சகஸ்ரநாம மாலை ஆகியவற்றுடன் அதே சுவாமி கருடன் மேல் வருகிறார்.

உலகமே அவன் மாயைக்கு உட்பட்டது, சரணடைந்தவரே அதைக் கடப்பர் என்பது இந்தச் சேவைக்குப் பெரியவர்கள் சொல்லும் தாத்பர்யம். யுலிஸிஸுக்கு மூலிகை, பக்தனுக்குச் சரணாகதி. மாடவீதியில் பல்லக்கைப் பார்த்து நிற்கும் கூட்டத்தின் இடமும் அன்று அசுரர்கள் நின்ற இடம்தான். அழகை மட்டும் பார்த்துத் திரும்புவதா, அழகுக்குள் இருப்பவனைப் பார்ப்பதா என்பது நம் கையில் இருக்கிறது.

அடுத்த பிரம்மோற்சவத்துக்குப் போகும் அன்பர்கள் ஐந்தாம் நாள் காலையிலேயே மாடவீதியில் இடம் பிடித்துவிடுங்கள். கருடனைப் பார்க்க இரவு இருக்கிறது.