கோழிக்கு ஏது குளம்பு?

சென்ற மாதம் என் நாத்தனார் கைபேசியில் ஒரு சமையல் குறிப்பு அனுப்பியிருந்தாள். தலைப்பு, ‘கோழிக் குளம்பு’! மாட்டுக்குக் குளம்பு உண்டு, குதிரைக்கும் உண்டு. கோழிக்கு ஏது? வீடே சிரித்தது.

ஆனால், எல்லாப் பிழையும் சிரிப்போடு போய்விடுவதில்லை, சகோதரிகளே!

சிநேகிதி ஒருத்தியின் தாயார் காலமானார். துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். கைபேசியை என்னிடம் நீட்டினாள். “ஆழ்ந்த இரங்கள்”, “ஆழ்ந்த இரங்கள்” என்று வரிசையாக ஒரே வாசகம். இரங்குவது இரங்கல், ‘இரங்கள்’ என்று ஒரு சொல்லே தமிழில் கிடையாது.

“இத்தனை பேரும் ஒரே பிழையையா செய்வார்கள்? ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்காகச் சொந்தமாய் ஒரு வார்த்தை எழுத நேரமில்லையே!” என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. அந்த வரிசையில் என் பெயரும் இருந்தது!

ஆங்கில எழுத்தைத் தட்டினால், கைபேசி தமிழ்ச் சொற்களை வரிசையாகக் காட்டுகிறது. லகரமா, ளகரமா, ழகரமா என்று பொறுக்கி எடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இன்னும் இரண்டு சொல்கிறேன். ‘வளர்ச்சி’க்கு நடுவே ‘ச்’ உண்டு, ‘முயற்சி’க்குக் கிடையாது. கிணறு ‘கிணற்றில்’ ஆகும். சுவர் ‘சுவரில்’தான், ‘சுவற்றில்’ அல்ல.

அனுப்புமுன் ஒரு தரம் வாய்விட்டுப் படியுங்கள். துக்கச் செய்தியானால், உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டே வரி எழுதுங்கள். அதில் ஒரு பிழை இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள்!