வென்டிலேட்டரை எடுத்த பிறகு...

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் உறுப்பு தானம் என்றாலே மூளைச்சாவுதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் மூளைச்சாவு நேர்வதில்லை. சிலருக்கு மூளை பெரும்பாலும் சிதைந்திருக்கும், பிழைக்க வழியில்லை, என்றாலும் மூளைத்தண்டில் கொஞ்சம் இயக்கம் மிச்சமிருக்கும். “இனி ஒண்ணும் செய்ய முடியாதுங்க” என்று டாக்டர் சொன்னதும், திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள் பல, உயிர் வீட்டிலேயே பிரியட்டும் என்று முடிவெடுக்கின்றன. ஆம்புலன்ஸில் ஒருவர் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வர, ஊர் எல்லையில் சொந்தபந்தம் காத்திருக்கும். அந்த ஆசையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அங்கே தானத்துக்கு இடமில்லை.

1994 உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைச்சாவை மட்டுமல்ல, இதயமும் மூச்சும் நின்ற மரணத்தையும் ஏற்கிறது; எனவே மருத்துவமனையிலேயே அப்படி இறப்பவரும் தானம் தரலாம். வென்டிலேட்டர் கருவியை விலக்கும் வழியை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் காட்டியது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. மும்மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விலக்கிய பின் இதயம் நின்று, ஐந்து நிமிடம் காத்திருந்து, மரணத்தை உறுதிசெய்த பிறகே அறுவை. நெடுநேரம் இதயம் நிற்காவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து உறுப்புகள் கெடும், தானம் கைவிடப்படும். பிரிட்டனில் இறந்தபின் தானம் தருவோரில் ஏறக்குறைய பாதிப் பேர் இவ்வகையினர்.

இங்கேதான் அறம் நுழைகிறது. கருவியை விலக்கும் முடிவு முழுமையாக முடிந்த பிறகே தானப் பேச்சு எழ வேண்டும். வரிசை மாறினால், உறுப்புக்காகவே அப்பாவை விட்டுவிட்டார்களோ என்ற சந்தேகம் ஒரு குடும்பத்தை ஆயுள் முழுக்கத் தின்னும். மரணத்தைச் சான்றளிப்பவர் மாற்று அறுவைக் குழுவில் இருக்கவே கூடாது. இறந்தபின் உடலுக்குள்ளேயே உறுப்புகளுக்குக் கருவியால் மீண்டும் ரத்தம் ஓடவிடும் புது முறையோ இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. 2021-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு அதை நிறுத்திவைக்கச் சொன்னது.

திருவண்ணாமலையிலிருந்து சென்னை சுமார் 190 கிலோமீட்டர். வெளியே எடுத்த இதயம் சாதாரணமாக நான்கு மணி நேரமே தாங்கும். சிறுநீரகம் ஒரு நாள் தாங்கும். எனவே இந்த ஊரில் இவ்வகைத் தானம் தொடங்குமானால் சிறுநீரகத்தில்தான் தொடங்க முடியும். அதற்குமுன், ஐசியூவில் குடும்பத்தாரை உட்காரவைத்து அவசரமில்லாமல் பேச ஒரு அறையும், அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு ஆளும் வேண்டும்.