தியானத்தில் பேசுவது யார்?

தமிழ்நாட்டுப் பங்குகளில் வளர்ந்த என் தலைமுறைக்குத் தியானம் என்றால் பிரசங்கம்தான். தவக்காலம் வந்தால் வெளியூரிலிருந்து ஒரு சாமியாரை அழைத்து வருவார்கள். மூன்று நாள், மாலை வேளை. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பாவம், சாவு, தீர்வை, நரகம் என்று வரிசையாகப் போய், கடைசி நாள் ஆண்டவரின் பாடுகளுக்கு வரும்போது கோவிலில் விசும்பல் கேட்கும். பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு நெடிய வரிசை. கன்னியர் மடத்திலும் குருமடத்திலும் முறை இதேதான், நாள்தான் கூடுதல்: ஆண்டுக்கு எட்டு நாள், தினமும் சில உரைகள், இடையில் மௌனம்.

அந்தத் தியானங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவற்றைக் கேட்டுக் குடியை விட்டவர்கள் உண்டு. பங்காளிப் பகையை விட்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றவர்கள் உண்டு. ஆனாலும் அங்கே பேசியவர் ஒருவர், கேட்டவர்கள் மற்ற எல்லோரும். ஆண்டவரைப் பற்றி மணிக்கணக்காகக் கேட்டோம். 'நீ செபிக்கும்போது என்ன நடக்கிறது?' என்று எங்களில் ஒருவரையும் உட்காரவைத்து யாரும் கேட்டதில்லை.

இன்று அந்தக் கேள்வியிலிருந்துதான் தியானம் தொடங்குகிறது. குறிப்பாக பிரிட்டனில், கடந்த சில பத்தாண்டுகளாகப் பல பங்குகளில் 'வழிகாட்டலுடன் செபிக்கும் வாரம்' நடக்கிறது. யாரும் வேலைக்கு விடுப்புப் போட வேண்டாம், வீட்டை விட்டுப் போக வேண்டாம். தொடக்க நாளில் எல்லோரும் கூடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி அமைவார். அந்த வாரம் முழுக்கத் தினமும் அரை மணி நேரம் ஒரு நற்செய்திப் பகுதியை வைத்துத் தனியே செபிப்பது, இன்னொரு அரை மணி நேரம் வழிகாட்டியைச் சந்தித்து அந்தச் செபத்தில் நடந்ததைச் சொல்வது. அவ்வளவுதான் ஏற்பாடு. வழிகாட்டி குருவாக இருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருக்கலாம், ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவராகக்கூட இருக்கலாம். பிரசங்கம் கிடையாது.

அப்படிச் செபிப்பது எப்படி என்று ஒருவரை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். நினைவு தப்பிப்போன தாயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண். விடியும் முன் சமையலறை மேசையில் உட்காருகிறார். கையில் மாற்கு நற்செய்தி, 10ஆம் அதிகாரம்: எரிகோ வழியோரம் உட்கார்ந்து பிச்சை எடுக்கும் பார்வையற்ற பர்த்திமேயு. இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் காட்டிய வழியில், அதைப் படிப்பதோடு நிற்காமல் அந்த இடத்துக்குள் போகிறார். புழுதி, வெயில், கூட்டத்தின் இரைச்சல். இந்தக் கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன்? கூவி அழைக்கிற அந்த மனிதனை அதட்டி அடக்குகிறவர்களோடு தான் நிற்பதை அவர் பார்க்கிறார். ராத்திரியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் அம்மாவை அதட்டுவது நினைவுக்கு வருகிறது.

அன்று மாலை இதை வழிகாட்டியிடம் சொல்கிறார். வழிகாட்டி அதற்குப் பொருள் சொல்வதில்லை, தேற்றுவதுமில்லை. 'நாளைக்கும் அதே இடத்தில் நின்று பார்க்கிறீர்களா?' என்று மட்டும் கேட்கிறார். இஞ்ஞாசியார் வகுத்த முறைகளில் இது முக்கியமானது; மனம் எங்கே அசைந்ததோ அங்கேயே திரும்பிப் போவது. மறுநாள் அதே பகுதி. இம்முறை இயேசு நின்று, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பது பர்த்திமேயுவை அல்ல, தன்னை என்று அவருக்குப் படுகிறது. பதில் வரவில்லை. அப்படி அவரை யாரும் கேட்டுப் பல காலம் ஆகிவிட்டது. கடைசியில் வருகிற பதில்: தூக்கம். இதைப் போய் ஆண்டவரிடம் கேட்பதா என்று கூசுகிறார். 'அதையே அவரிடம் சொல்லுங்கள், கூசுகிறது என்பதையும் சொல்லுங்கள்' என்கிறார் வழிகாட்டி. எத்தனை பிரசங்கம் கேட்டாலும் அந்தப் பெண் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

இதைப் புதுமை என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. பொதுநிலையினர் ஆன்ம வழிகாட்டிகளாவதும், வீட்டிலிருந்தபடியே தியானம் செய்வதும் இந்தக் காலத்து வசதிக்காகத் தளர்த்திக்கொண்டவை என்று அவர்கள் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பங்குகளில் நாம் பார்த்த பிரசங்கத் தியானத்தைவிட இதுதான் பழையது.

1521 மே மாதம் ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தவர் லொயோலா இஞ்ஞாசியார். படுக்கையில் கிடந்தபோது கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும் மட்டுமே படிக்கக் கிடைத்தன. வீரப் புகழைப் பற்றிக் கனவு கண்டால் அந்த நேரம் இனித்தது, பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தால் நினைத்து முடித்த பின்னும் மகிழ்ச்சி நின்றது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததுதான் அவருடைய முதல் பாடம். அடுத்த ஆண்டு மன்ரேசாவில் ஏறத்தாழ பத்து மாதம் செபத்திலும் தவத்திலும் கழித்து, தனக்கு நடந்ததைக் குறித்துவைக்கத் தொடங்கினார். அந்தக் குறிப்புகளே வளர்ந்து ஆன்மப் பயிற்சிகள் என்ற நூலாயின. அப்போது அவர் குரு அல்ல. 1537இல்தான் குருப்பட்டம் பெற்றார். அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளும் இந்தப் பயிற்சியை மற்றவர்களுக்குக் கொடுத்தவர் ஒரு பொதுநிலையினர்.

யாருக்குக் கொடுத்தார் என்பதற்கும் சான்று இருக்கிறது. அதைக் காத்துக் கொடுத்தது, வேடிக்கைபோல, திருச்சபை விசாரணைதான். 1526-27இல் அல்காலா நகரில் மாணவராக இருந்தபோது அவரைத் தேடி வந்தவர்களில் பலர் சாதாரணப் பெண்கள். இவர் என்ன சொல்லித் தருகிறார் என்று அதிகாரிகள் அந்தப் பெண்களை விசாரித்தார்கள். மரியா தெ லா ஃப்ளோர் என்பவரின் வாக்குமூலம் பதிவாகியிருக்கிறது. ஒரு மாதம் தொடர்ந்து தன்னிடம் வந்து பேச வேண்டும் என்றும், வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்க வேண்டும் என்றும், ஒரு வாரம் காரணம் தெரியாமல் மனம் மகிழும், இன்னொரு வாரம் மிகவும் சோர்ந்துபோகும் என்றும் இஞ்ஞாசியார் சொன்னாராம். இன்று வழிகாட்டிகளுக்குப் பயிற்சியில் கற்றுக்கொடுக்கும் ஆறுதல், வறட்சி என்ற இரண்டும் அந்தப் பெண்ணின் வாயிலேயே இருக்கின்றன. இஞ்ஞாசியாருக்கு அல்காலாவில் 42 நாள் சிறை, பிறகு சலமான்காவில் 22 நாள். படித்து முடிக்காமல் இப்படிப் பேசக்கூடாது என்ற தடை வேறு. அதன்பின்தான் பாரிஸ் பல்கலைக்கழகம்.

1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அந்த நூலை ஏற்றபோது, அதன் முன்குறிப்புகளிலேயே மூன்று வகைப் பயிற்சிகளுக்கு இடம் இருந்தது. 20ஆம் குறிப்பு, எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கி ஏறத்தாழ முப்பது நாள் செய்பவர்களுக்கு. 19ஆம் குறிப்பு, பொறுப்பும் வேலையும் உள்ளவர்களுக்கு: அவர்கள் தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, அன்றாட வாழ்வை விடாமலே முழுப் பயிற்சியையும் செய்யலாம். 18ஆம் குறிப்பு, அவ்வளவு இயலாதவர்களுக்கு அவரவர் அளவுக்கு ஏற்பக் கொடுப்பதற்கு. கொடுப்பவர் ஒரு பக்கம் சாயாத தராசு முள்ளைப் போல நின்று, படைத்தவரும் படைப்பும் நேருக்கு நேர் பழக விட வேண்டும் என்று 15ஆம் குறிப்பு எச்சரிக்கிறது. நீண்ட உரை வேண்டாம், சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று 2ஆம் குறிப்பு சொல்கிறது. இத்தனையும் எழுதியவரின் பெயராலேயே நாளுக்கு நான்கு பிரசங்கம் வந்தது எப்படி?

காரணங்கள் எளிமையானவை. கேட்டு வந்தவர்கள் பலர், ஒவ்வொருவரோடும் உட்காரத் தெரிந்தவர்கள் சிலர். தியான இல்லங்கள் எழுந்தன, ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் கொடுக்க உரைதான் வழியாயிற்று. இன்னொன்று பயம். உள்ளொளி பெற்றோம் என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு எதிராக 1525இலேயே ஸ்பெயினில் ஆணை வந்திருந்தது. தனிமனிதரின் உள் அனுபவத்தை நம்புவதைவிட மேடையிலிருந்து சொல்வது பாதுகாப்பு என்று தோன்றிய காலம் அது. 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டு 1814இல் திரும்பி வந்தபோது, பிரசங்கத் தியானம் வேரூன்றி நின்றது. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1916இல் வெளியிட்ட நாவலில் டப்ளின் பள்ளி மாணவர்கள் கேட்டு நடுங்கும் நரகப் பிரசங்கம் அந்தக் காலத் தியானத்தின் ஒரு முகம்.

அந்த இடைக்காலத்திலும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1767இல் ஸ்பானிய ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையினர் துரத்தப்பட்ட பிறகு, அர்ஜென்டினாவின் சாந்தியாகோ தெல் எஸ்தெரோ பகுதியிலிருந்து மரியா அந்தோனியா என்ற பொதுநிலைப் பெண் ஊர் ஊராக நடந்தே போய் ஆன்மப் பயிற்சிகளை ஏற்பாடு செய்தார். 1779இல் புவெனஸ் ஐரிஸ் சேர்ந்தார். 1795இல் அங்கே பயிற்சி இல்லம் ஒன்றை நிறுவினார். செல்வரும் அடிமைகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் தியானம் செய்தார்கள். மாமா அந்துலா என்று மக்கள் அழைத்த அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024 பிப்ரவரியில் புனிதராக அறிவித்தார். இயேசு சபைக் குருக்கள் இல்லாத ஊரில் அந்தத் தீயை அணையாமல் காத்தவர் ஒரு பெண்.

திருப்பம் வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்போது. துறவு சபைகள் தங்களைத் தோற்றுவித்தவரின் மூலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று 1965இல் சங்கம் சொன்னது. அதே ஆண்டில் பேத்ரோ அருப்பே இயேசு சபைத் தலைவரானார். பழைய முன்குறிப்புகளை மறுபடி படித்தவர்கள், ஒருவர் ஒருவருக்குக் கொடுப்பதே மூலமுறை என்பதை உறுதியாகச் சொன்னார்கள். கனடாவின் குவெல்ஃப் நகரில் லொயோலா இல்லமும், வட வேல்ஸ் மலைச்சரிவில் புனித பியூனோ இல்லமும் அதன் முக்கியப் பட்டறைகளாயின. கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் 1870களில் இறையியல் படித்த இடம் அந்த வேல்ஸ் இல்லம். 1980இல் அது ஆன்மிக மையமாயிற்று. ஜெரார்ட் ஹியூஸ் என்ற இயேசு சபைக் குரு 1985இல் எழுதிய 'வியப்புகளின் கடவுள்' நூல், கோவிலுக்குப் போகத் தயங்குபவர்களிடமும் இந்தச் செபத்தைக் கொண்டுசேர்த்தது.

19ஆம் குறிப்பின்படி முழுப் பயிற்சியையும் அன்றாட வாழ்வில் செய்பவர்கள் இன்று சுமார் முப்பது வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை வழிகாட்டியைப் பார்க்கிறார்கள். மடத்து மௌனம் இதில் கிடையாது, குழந்தையின் காய்ச்சலும் கடன் தவணையும் உள்ளே வந்துவிடும். அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. முன்பு எடுத்த முடிவை வறட்சிக் காலத்தில் மாற்றாதே என்ற இஞ்ஞாசியாரின் விதியை மலை உச்சியில் கேட்பதைவிட, ராஜினாமாக் கடிதம் மேசையில் கிடக்கும்போது கேட்பது ஆழமாக இறங்கும்.

ஆத்தும சோதனையும் இப்படித்தான் மாறியிருக்கிறது. அன்று பத்துக் கற்பனைகளை வரிசையாக எண்ணி, மீறியதைத் தேடுவோம். இன்று வழிகாட்டிகள் முதலில் அன்றைய நாளுக்கு நன்றி சொல்லச் சொல்கிறார்கள். பிறகு ஒளி கேட்டு, நாளைத் திரும்பிப் பார்த்து, எங்கே உயிர் வந்தது, எங்கே வற்றியது என்று கவனித்து, மன்னிப்புக் கேட்டு, நாளைக்குத் தயாராவது. இஞ்ஞாசியாரின் நூலிலும் நன்றிதான் முதல் படி. அதை எங்களுக்கு யாரும் அழுத்திச் சொன்னதில்லை.

ஒரு கவலையும் உண்டு. 1999இல் அயர்லாந்து இயேசு சபையினர் இணையத்தில் தினச் செபத்தைத் தொடங்கினார்கள். 2006இல் பிரிட்டன் சபையினர் பேருந்தில் போகும்போது கேட்கும் ஒலிச் செபத்தைத் தொடங்கினார்கள். இசை, நற்செய்தி, சில கேள்விகள், பத்துப் பன்னிரண்டு நிமிடம். நல்ல காரியம், ஏராளமானவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் செவிப்பொறி கேள்வி கேட்கும், பதிலுக்குக் காத்திருக்காது. தன்னையே ஏமாற்றிக்கொள்வது செபத்தில் மிக எளிது. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்கும்போதுதான் சொல்லாமல் விட்டது எதுவென்று நமக்கே தெரியும். ஆகவே வழிகாட்டி இல்லாத இஞ்ஞாசியார் செபம் பாதிதான் என்பது என் முடிவு. வழிகாட்டிகளையும் சும்மா அமர்த்த முடியாது. காதுகொடுக்கப் பழக வேண்டும், கேட்டதை வெளியே சொல்லாத ஒழுக்கம் வேண்டும், அவர்களையும் மேற்பார்க்க அனுபவமுள்ள ஒருவர் வேண்டும்.

நமக்கு இது அந்நியச் சரக்கு அல்ல. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், பாரிசில் இஞ்ஞாசியாரிடமே நேரில் இந்தப் பயிற்சியைச் செய்தவர். பின்னால் வந்த நொபிலியும் அருளானந்தரும் வீரமாமுனிவரும் இதில் உருவானவர்கள்தான். இயேசு சபையின் தியான இல்லங்கள் நம்மிடம் இருக்கின்றன. தனி வழிகாட்டலோடு எட்டு நாளும் முப்பது நாளும் செய்யும் துறவியர் இருக்கிறார்கள். அந்த இல்லங்களின் வாசலைத் தாண்டி, பீடி சுற்றும் பெண்ணுக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் பங்குக்குள்ளேயே இது கிடைக்க வேண்டும். அல்காலாவில் அப்படித்தான் தொடங்கியது.

ஆகவே பங்குத்தந்தையருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவக்காலத்தில் மூன்று நாள் பிரசங்கத்தோடு, விருப்பமுள்ள ஆறு பேருக்காவது ஒரு வாரம் இந்தச் செபத்தை ஏற்பாடு செய்யுங்கள். பங்கிலேயே பயிற்சி பெற்ற அருள்சகோதரி ஒருவரோ, கேட்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ இருப்பார். பயிற்சி இல்லாதவர்களைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். பங்கு மக்களே, உங்கள் பங்குத்தந்தை மறந்துவிட்டால் நீங்கள் போய்க் கேளுங்கள்.