காற்றில் வரும் பந்தாட்டம்

தருமபுரி ஜில்லாவிலுள்ள வத்தல்மலையில் காப்பியும் மிளகும் சாமையும் பயிரிடும் மலையாளிக் குடிகள் வசிக்கின்றனர். களைக்கொட்டு ஏந்திய கை திரையைப் பிடித்துக்கொண்டிருக்க இயலாது. கண்ணும் வேலையிலேதான் இருந்தாக வேண்டும். ஒழிவாயிருப்பது காது ஒன்றே. டெலிவிஷனும் கைப்பேசியும் வந்த பின்பு ரேடியோவில் ஆட்ட வர்ணனை எதற்கு என்று வினவும் பட்டணவாசிகள் ஒரு நாள் இம்மலைமீது ஏறிப் பார்ப்பார்களாக.

மைதானத்தில் எழும் ஒரு குரலைப் பல நிலையங்களுக்கு விற்பது பெருத்த வியாபாரம். அமெரிக்காவில் கார்டன் மக்லெண்டன் என்பவர் நடத்திய லிபர்ட்டி ஒலிபரப்புக் கம்பெனி 1948-ல் டெக்ஸாஸில் தோன்றியது. தந்தியில் வரும் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, பேஸ்பால் ஆட்டத்தை நேரிற் காண்பவர்போல் அவர் வர்ணிப்பார். ஜனங்களின் ஆரவாரமும், மட்டையிற் பந்து படும் ஓசையும் அறைக்குள்ளேயே உண்டாக்கப்பட்டவை! இதைப் பித்தலாட்டம் என்பாரும் உண்டு. நமக்கு அவ்வளவு குற்றமாகத் தோன்றவில்லை. காலக்ஷேபம் செய்யும் பாகவதர் குருக்ஷேத்திரத்தைக் கண்ணாலா கண்டார்? 400-க்கு மேற்பட்ட நிலையங்கள் அக்கம்பெனியைச் சார்ந்திருந்தன. எனினும் ஆட்டக்குழுக்களின் முதலாளிகள் வர்ணிக்கும் உரிமையைச் சுருக்கிவிடவே, 1952-ல் அது மூடப்பட்டது. குரல் வளர்ந்தது, உரிமை பிறர் கையில் இருந்தது.

நம் தேசத்திலோ முதலே போதவில்லை. 1924-ல் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னையில் எழுந்த ரேடியோ சங்கம் பணமின்றி 1927-ல் ஓய்ந்தது. அவ்வாண்டே பம்பாயில் தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் கம்பெனியும் 1930-ல் கலைந்தது. பின்னர் ஸர்க்காரே அப்பொறுப்பை ஏற்றது. 1934-ல் தல்யார்கான் பம்பாயிலிருந்து ஆங்கிலத்தில் கிரிக்கெட்டை வர்ணித்தார். தமிழில் அக்கலையை வளர்த்தவர்களில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆங்கிலம் அறியாதவனுக்கும் சேப்பாக்கத்து ஆட்டத்தை எட்டச் செய்தது அவர் போன்றோரின் தமிழே.

வான அலைகள் பொதுஜனச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995-ல் தீர்ப்பளித்தது. தேசிய முக்கியத்துவமுள்ள ஆட்டங்களை விலைக்கு வாங்கிய கம்பெனிகள் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டுமென 2007-ம் வருஷச் சட்டம் விதித்தது. விளம்பர வருமானத்தில் டெலிவிஷனுக்கு உரிமையாளர் பங்கு நூற்றுக்கு 75-க்குக் குறையலாகாது, ரேடியோவுக்குச் சரிபாதி. அமெரிக்காவில் இல்லாத பாதுகாப்பு இங்கே உண்டு என்பதை மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எந்தப் பாஷையில் வர்ணிப்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அதை விளம்பரக்காரரின் கணக்கு தீர்மானிக்குமானால், மலைவாசியின் காது அக்கணக்கில் ஏறுமா?

தனியார் எப்.எம். நிலையங்கள் பெரிய ஆட்டங்களை நேரடியாக ஒலிபரப்பக்கூடாது. உள்ளூர்ப் பந்தயங்களை வர்ணிக்க மட்டும் 2011-ம் வருஷக் கொள்கை இடமளிக்கிறது. இச்சலுகையை நிலையத்தார் ஏன் கையாளலாகாது? மலையடிவாரத்துக் கபடிப் பந்தயத்தைத் தமிழில் வர்ணிக்க ஒலிவாங்கி ஒன்றும் வாய்வன்மையுள்ள இளைஞர் இருவரும் போதும். முதல் ஒலிபரப்பு வரும் பொங்கல் பந்தயத்திலேயே நிகழட்டும்.