உங்களுக்குத் தெரியுமா?

ஸ்பீக்கர் வயரின் முனையில் மாட்டும் ‘பனானா’ பிளக், ஐரோப்பிய வீடுகளின் கரண்ட் பாயிண்டுக்குள்ளும் அப்படியே நுழைந்துவிடும்! இந்த பிளக்கின் தடிமன் 4 மி.மீ. அங்கே சிறிய மின்கருவிகளின் பிளக் கம்பிக்கும் அதே தடிமன்தான். இரட்டை பனானா பிளக்கின் இடைவெளி 19 மி.மீ.; சுவர்த் துளைகளுக்கும் அதே 19. உள்ளே இருப்பதோ 230 வோல்ட்.

• அதனால்தான் ஐரோப்பாவில் விற்கும் ஆம்ப்ளிஃபயர்களின் பின்புறம், ஸ்பீக்கர் டெர்மினல் துளைகளைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் அடைப்பான்கள் மூடியிருக்கும். அவை அலங்காரம் அல்ல. நெம்பி எடுத்தால்தான் பனானா பிளக் உள்ளே போகும்.

• மேடை ஸ்பீக்கர்களுக்கு முன்பு கிட்டார் வயரில் உள்ள அதே கால் அங்குல ஜாக் பயன்பட்டது. செருகும் கணத்தில் அது ஷார்ட் ஆகி, ஆம்ப்ளிஃபயரையே பதம் பார்க்கக்கூடும்.

• இவற்றுக்குத் தீர்வாக 1987-இல் வந்தது லிக்டென்ஸ்டைன் நாட்டு நியூட்ரிக் நிறுவனத்தின் ‘ஸ்பீக்கான்’ பிளக். செருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும். மின்முனைகளில் விரல் படவே படாது. அருமையான வடிவமைப்பு!

நம் வீட்டு 6 ஆம்பியர் பாயிண்டிலும் இடைவெளி அதே 19 மி.மீ.தான், துளை இன்னும் பெரியது. பனானா பிளக் மாட்டிய வயரைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.